மாற்று ஆள் இல்லாத ஆபரேஷன் தியேட்டர்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. சாமை விதைத்து, புளியும் தேனும் கடுக்காயும் சேகரித்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. வட்டத் தலைநகரம் ஜமுனாமரத்தூர். காய்ச்சல், பேதி, தடுப்பூசி, சிக்கலில்லாத பிரசவம் போன்றவற்றை மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள் பார்த்துக்கொள்கின்றன. குடல்வால் வெடித்தாலோ, வயிற்றில் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, புளி உலுக்க மரமேறியவர் விழுந்து எலும்பு வெளியே தெரிந்தாலோ பெரும்பாலும் வண்டி மலையிறங்கித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கம் போளூர், அதைத் தாண்டித் திருவண்ணாமலை, இன்னொரு பக்கம் ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர், வடக்கே வேலூர். போளூருக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அதில் பாதி வளைவு நெளிவுகள். தார்ச்சாலை எட்டாத குக்கிராமங்களில் வண்டி நிற்கும் இடம் வரை டோலி கட்டித் தூக்கவேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, சாலை சரியில்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் கையில் சுமந்து நடந்த செய்தியைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இந்தப் பாதையின் முடிவில் இருக்கும் அடிவாரத்துச் சிறிய மருத்துவமனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அங்கே அறுவை செய்யத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். மயக்க மருந்து கொடுப்பவர் ஒருவர். தியேட்டர் வேலை பழகிய நர்சுகள் சிலர், உதவியாளர் ஒருவர், துப்புரவுப் பணியாளர் ஒருவர். கொள்ளைநோய்க் காலத்தில் இவர்களில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அவரோடு நின்றவர்களும் தனிமைக்குப் போகிறார்கள், தியேட்டர் பூட்டப்படுகிறது. சென்னையின் பெரிய அரசு மருத்துவமனையில் ஓர் அறுவைக் குழு தனிமைக்குப் போனால் அடுத்த குழு வரும். இங்கே அடுத்த குழு என்பது அடுத்த ஊர். அறுவை மருத்துவரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உடை, முகக்கவசம், கண்ணாடி என்று பொருள்களைப் பற்றியே பேசுகிறோம். அந்தப் பொருள்கள் யாருக்கு முதலில் போகவேண்டும் என்ற கணக்கு அவற்றைவிட முக்கியமானது. அந்தக் கணக்கை நாம் தொற்று எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போட்டோம். நோயாளிக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரியாமலே கத்தி வைக்கவேண்டிய இடமும், கத்தி வைப்பவருக்கு மாற்று இல்லாத இடமும் அந்தக் கணக்கில் கீழே தள்ளப்பட்டன என்பது என் வாதம்.

அறுவைக் கூடத்தில் மாட்டிக்கொள்ளும் பொருள்கள் யாரைக் காக்கவந்தவை என்பதிலிருந்து தொடங்கலாம். 1889-90 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்சுக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் கைகளில் புண் வந்தது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்து வாங்கினார். (இருவரும் பிறகு திருமணம் செய்துகொண்டார்கள்.) கையுறை நோயாளியையும் சீழ் பிடிக்காமல் காக்கிறது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது. முகக்கவசத்தின் கதை நேர் எதிர். 1897-இல் பிரெஸ்லாவ் நகரின் மிக்குலிச் வாயைத் துணியால் மூடி அறுவை செய்தது, பேசும்போது தெறிக்கும் எச்சில் துளி திறந்த வயிற்றில் விழாமல் இருக்க. இன்றும் மூன்றடுக்கு அறுவை முகக்கவசம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அணிந்தவர் வாயிலிருந்து வெளியே போவதைத் தடுக்கும். பக்கவாட்டில் இடைவெளி விட்டு நிற்பதால் வெளியிலிருந்து உள்ளே வருவதை ஓரளவுக்கு மேல் தடுக்காது. பச்சை உடையும் முகக்கவசமும் அணிந்து நிற்கும் மருத்துவரைப் பார்த்து, இவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நாம் நினைப்பது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

மூக்கோடு ஒட்டி நிற்கும் கவசம் அணிந்தவரைக் காக்கும் என்று பெரிய அளவில் காட்டியவர் பினாங்கில் பிறந்த சீன வம்சாவளி மருத்துவர் வூ லியென்-தே. 1910 இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, அது எலியால் வருவதல்ல, மூச்சுக்காற்றால் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுகிறது என்று சொல்லி, பஞ்சும் வலைத்துணியும் அடுக்கிய கவசத்தை எல்லோரையும் கட்டச் சொன்னார். அனுபவசாலியான பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் சில நாட்களிலேயே பிளேக்கில் இறந்தார். அதற்குப் பிறகு கவசத்துக்கு மறுபேச்சு இல்லை. இன்றைய என்-95 அந்தப் பஞ்சுக் கவசத்தின் பேரன். பெயரில் உள்ள 95, வடிகட்டியில் மிக எளிதாக நழுவும் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. சல்லடைபோல் ஓட்டையைச் சிறிதாக்கி மட்டும் அது பிடிப்பதில்லை. இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னேற்றம் துகளை இழுத்து ஒட்டவைக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த ஏற்றம் போய்விடும். 2020-இல் தட்டுப்பாட்டில் துவைத்துக் காயப்போட்ட கவசங்கள் பார்வைக்குக் கவசமாகவும் வேலையில் துணியாகவும் ஆகிவிட்டன.

தெரியாத நோயாளி என்ற சிக்கலுக்கு மருத்துவ உலகம் முன்பே ஒரு விடை கண்டிருந்தது. அதன் ஒரு முனை ஜவ்வாது மலைக்கு அருகிலேயே இருக்கிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் குழு சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதுவரை அது எங்கோ வெளிநாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு ரத்தத்தில் துழாவியவர்கள் நிறைய. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. பரிசோதனையும் தொற்றின் முதல் வாரங்களில் பொய் சொல்லும். ஆகவே எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளுங்கள் என்று 1987-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விதி வகுத்தது. உலகம் முழுவதும் பின்பற்றியது. அந்த விதியின் அழகு, அது யாரையும் சந்தேகப்படச் சொல்வதில்லை என்பது. எச்ஐவி இருப்பவர் என்று தெரிந்தால் மூன்று கையுறை, தெரியாதவருக்கு ஒன்று என்ற நடைமுறையே ஆபத்து என்று அது சொன்னது. ரத்தத்துக்குக் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை மூச்சுக்காற்றுக்கு நாம் கொண்டுபோகவில்லை.

அதற்கு என்ன விலை என்பது 2020 ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. வூகான் நகர மருத்துவமனை ஒன்றில் பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிக்கு அறுவை செய்துகொண்ட ஒரு நோயாளியிடமிருந்து 14 பணியாளர்களுக்குத் தொற்று பரவியதைச் சீன நிபுணர்கள் அறிவித்தார்கள். அவர் காய்ச்சல் வார்டில் படுத்திருந்தவரல்லர், நரம்பியல் அறுவைப் பிரிவுக்கு வந்தவர். அங்கே யாரும் நுரையீரல் நோயை எதிர்பார்த்துக் கவசம் போட்டிருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவமனைகளில் அறிகுறி இல்லாத பணியாளர்கள் 516 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்த முடிவு இதைவிட அழுத்தமானது. மொத்தத்தில் 24.4 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. மிக மோசமான நோயாளிகளைக் கவனித்த தீவிர சிகிச்சைப் பிரிவினரிடம் அது 14.8 விழுக்காடு மட்டுமே. திடீரென நோயுற்று வருபவர்களைச் சேர்த்துக் கவனிக்கும் பொது மருத்துவப் பிரிவில் (அக்யூட் மெடிசின்) 33, துப்புரவுப் பணியாளர்களிடம் 34.5. ஆபத்து எங்கே என்று தெரிந்த இடத்தில் எல்லோரும் முழுக்கவசத்தோடு இருந்தார்கள். தெரியாத இடத்தில் இல்லை. எண்கள் தலைகீழாக நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது. கவசம் வேலை செய்கிறதா என்று ஐயப்படுவோருக்கு இன்னொரு சான்று: வூகானுக்கு அனுப்பப்பட்டு ஆறு முதல் எட்டு வாரம் கொரோனா நோயாளிகளைப் பார்த்த, முறையான பயிற்சியும் கவசமும் பெற்ற 420 மருத்துவர்கள், நர்சுகளில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதே ஆண்டில் வெளியிட்டது.

இங்கே நடந்ததைப் பார்ப்போம். கொரோனா வந்தபோது தலை முதல் கால்வரை மூடும் காப்பு உடையை இந்தியா ஏறக்குறைய தயாரிக்கவே இல்லை. 2020 மார்ச்சில் உலகச் சந்தையில் அறுவை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கும், என்-95 மூன்று மடங்கும், கவுன் இரண்டு மடங்கும் ஏறியிருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பனியன் தைத்த திருப்பூர் காப்பு உடை தைக்க இறங்கியது. கோவையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ரா, துணியின் மீது செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு பாய்ச்சி அது ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது. தொடக்கத்தில் நாட்டுக்கே அந்த ஒரு கூடம்தான். துணி தேறியும் பல உடைகள் தையலில் தோற்றன. ஊசி போன ஒவ்வொரு துளையும் ரத்தத்துக்கு வழி. அதன்மேல் சூட்டில் ஒட்டும் பட்டை வைத்து மூடவேண்டும். அந்தப் பட்டைக்கும் எந்திரத்துக்கும் தட்டுப்பாடு. இரண்டு மாதத்துக்குள் சீனாவுக்கு அடுத்தபடியாகக் காப்பு உடை தயாரிக்கும் நாடாக இந்தியா ஆகிவிட்டதாக அரசு அறிவித்தது. உண்மையான சாதனைதான். அதை எப்படிப் பங்கிட்டோம் என்ற கேள்வி அந்தப் பெருமிதத்தில் மூழ்கிப்போனது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல், வேலை செய்யும் இடத்தின் தொற்று அபாயத்தைப் பொறுத்து யாருக்கு முழு உடை, யாருக்கு முகக்கவசமும் கையுறையும் மட்டும் என்று பிரித்தது. அபாயம் என்ற ஒரே அளவுகோல். அந்த இடத்தில் வேலை செய்பவர் விழுந்தால் பிறகு என்ன ஆகும் என்பதற்கு அதில் இடமில்லை.

தட்டுப்பாடு இருக்கும்போது கொரோனா வார்டுக்கு முதலில் கொடுக்காமல் மலையடிவாரத்து மருத்துவமனைக்கா கொடுப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டுக்கும் தேவைப்படும் அளவு எங்கே, எங்கே என்று பார்க்கவேண்டும். பெரிய கொரோனா மருத்துவமனை ஒன்று நாளுக்கு நூற்றுக்கணக்கில் உடைகளைச் செலவழிக்கிறது. சிறிய மருத்துவமனையின் அவசர அறுவை நாளுக்கு ஒன்றோ இரண்டோ. மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேருக்கு ஒரு மாதத்துக்கான என்-95 கவசங்களை ஒதுக்கினால் பெரிய மருத்துவமனையின் ஒரு நாள் செலவுக்கு மேல் போகாது. அதே சமயம், அங்கே ஒருவர் இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தால் ஒரு மலையின் சிசேரியன் வசதி இரண்டு வாரம் இல்லாமல் போகிறது. பெரிய இடத்திலிருந்து எடுத்துச் சிறிய இடத்துக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பங்கிடும்போது சிறிய இடத்தின் சிறிய பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியை எண்ணிக்கைப்படி பிரிக்கலாம் என்கிறேன்.

இதைவிட வலுவான எதிர்வாதம் வேறொன்று. கொள்ளைநோய்க் காலத்தில் சிறிய மருத்துவமனைகள் அறுவையே செய்யவேண்டாமே, எல்லாவற்றையும் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடலாமே என்பது. அதில் பாதி உண்மை இருக்கிறது. கொரோனா தொற்றோடு அறுவைக்கு உள்ளானவர்களைப் பற்றி 24 நாடுகளில் 1,128 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2020 மே மாதம் லான்செட் இதழில் வந்தது. 30 நாட்களுக்குள் 23.8 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவது நோயாளிக்கும் நல்லதே. உலகமும் அப்படித்தான் செய்தது. முதல் அலையின் உச்சத்தில் 12 வாரங்களில் 2.84 கோடி அறுவைகள் தள்ளிப்போயிருக்கும் என்று அதே ஆய்வுக் குழு மதிப்பிட்டது. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வண்டியில் வருவது தள்ளிப்போடக்கூடிய அறுவையல்ல. சிசேரியன், வயிற்றைத் திறக்கும் அவசர அறுவை, வெளியே தெரியும் எலும்பு முறிவு ஆகிய மூன்றும் எவர் வீட்டிலிருந்தும் இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்கவேண்டும் என்று 2015-இல் லான்செட் குழு ஒன்று அளவுகோல் வைத்தது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள குக்கிராமங்களில் டோலியும் வண்டியுமாக அந்த இரண்டு மணி நேரம் போளூர் வருவதற்குள்ளேயே கரைந்துவிடக்கூடும். அங்கிருந்து மேலே அனுப்புவது என்றால் இன்னும் 35 கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலை. கருப்பைக்கு வெளியே கரு வெடித்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தூரம் சில நேரம் உயிர். மலைப்பகுதியில் தரமான அறுவை முடியாது என்பதும் பொய். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியர் 1993-இல் தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை மயக்க மருந்தும் அறுவையும் உள்ளடக்கி வளர்ந்து நிற்கிறது. சிறிய மருத்துவமனைக்கு ஒரு சாதகமும் உண்டு. அங்கே பெரும்பாலான அறுவைகள் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கச்செய்து நடப்பவை. மூச்சுக்குழாயில் குழாய் செருகவேண்டியதில்லை. நோயாளி முகக்கவசத்தோடே படுத்திருக்கலாம்.

சரி, அறுவைக்கு முன் எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிட்டால் தொற்றில்லாதவருக்குக் கவசம் எதற்கு? இதைத்தான் 2020-இல் பல நிர்வாகங்கள் நம்பின. ஆர்டி-பிசிஆர் பரிசோதனையின் தவறுகளைக் கணக்கிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று அறிகுறி தொடங்கும் நாளில் தொற்றுள்ளவர்களில் 38 விழுக்காட்டினருக்கு இல்லை என்று முடிவு வருவதாகச் சொன்னது. அதற்கு மூன்று நாள் கழித்து, பரிசோதனை மிக நம்பகமாக இருக்கும் கட்டத்தில்கூட 20 விழுக்காடு. தொற்று ஏறிய முதல் சில நாட்களில் பரிசோதனை ஏறத்தாழக் குருடு. அவசர அறுவைக்கு வருபவரிடம் முடிவு வரும்வரை காத்திருக்கவும் முடியாது. பரிசோதனை வீண் என்று பொருளில்லை. எங்கே படுக்கவைப்பது, யாரோடு பழகவிடுவது என்று முடிவெடுக்க அது தேவை. முகக்கவசத்தைக் கழற்றலாமா என்று முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது. எச்ஐவி கற்றுக்கொடுத்த பாடமும் இதுவே.

இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்தே வருகிறது. அந்த உடையைப் போட்டுக்கொண்டு வேலை செய்யமுடியாது என்கிறார்கள். நான் இதில் அவர்கள் பக்கம். காற்றுப் புகாத உடைக்குள் வேர்வை வழிகிறது. கண்ணாடியில் ஆவி படிகிறது. பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதில்லை. மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்கவோ கழிவறை போகவோ முடியாது. காப்பு உடை நுண்ணுயிர் நீக்கியதல்ல என்பதால் அதன்மேல் தியேட்டர் கவுனும் இன்னொரு ஜோடிக் கையுறையும் ஏறும். இவ்வளவும் சுமந்து நுட்பமான தையல் போடுவது எளிதா? கழற்றும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து பகுதி மருத்துவமனைகளில் கையுறையிலும் கவுனிலும் ஒளிரும் களிம்பைத் தடவிக் கழற்றச் சொன்ன 2015-ஆம் ஆண்டு ஆய்வில் 46 விழுக்காடு முறை அந்தக் களிம்பு தோலிலோ உள்ளே அணிந்திருந்த சொந்த உடையிலோ ஒட்டியிருந்தது. அதனால் நான் சிறிய மருத்துவமனைக்கு முதலில் கேட்பது வெள்ளை உடையை அல்ல. புகைப்படத்தில் வீரமாகத் தெரியும் அந்த உடை, மூச்சில் பரவும் நோய்க்குக் காப்பு வரிசையில் பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்பது முகத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்தும் என்-95. ஒரே அளவு எல்லா முகத்துக்கும் பொருந்தாது. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. கசப்பு அல்லது இனிப்புக் கரைசலைத் தலைமேல் போட்ட உறைக்குள் தெளித்து, கவசம் போட்டவருக்குச் சுவை தெரிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனைக்குச் சில நிமிடமும் சொற்பச் செலவும் போதும். அடுத்தது கண்ணை மறைக்கும் கவசம். அதற்கடுத்தது காற்று.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத்தான் அதிகம் கவனிக்காமல் விட்டோம். ஆபரேஷன் தியேட்டரை வடிவமைக்கும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, கதவு திறந்தால் காற்று வெளியே தள்ளப்படும்படி அமைப்பார்கள். தாழ்வாரத்துத் தூசி நோயாளியின் புண்ணுக்குள் வராமலிருக்க. தொற்றுள்ள நோயாளி மேஜையில் இருந்தால் அதே ஏற்பாடு அவர் மூச்சைத் தாழ்வாரத்துக்குத் தள்ளும். பெரிய மருத்துவமனைகள் ஒன்றிரண்டு தியேட்டர்களின் அழுத்தத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டன. சிறிய இடத்தில் நிலைமை வேறு. அங்கே சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளிக்காற்று வருவதே இல்லை. நோயாளியின் மூச்சு, மருத்துவரின் மூச்சு எல்லாம் அதிலேயே சுழலும். தலைமாட்டுப் பக்கம் வெளியேற்றும் விசிறி, வெளிக்காற்று வடிகட்டி வழியாக வர ஒரு வழி, அறுவைக்கும் அறுவைக்கும் நடுவில் காற்று மாறப் போதிய நேரம் ஆகியவை விலையுயர்ந்த எந்திரங்களல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கே பணம் போனது. தைவானில் ஒரு மருத்துவர் நல்லெண்ணத்தோடு வடிவமைத்த அக்ரிலிக் பெட்டியை நோயாளியின் தலையில் கவிழ்த்து, துளை வழியே கையை விட்டு மூச்சுக்குழாய் செருகும் முறை 2020-இல் இந்தியாவிலும் பரவியது. அது வேலையைத் தாமதமாக்குகிறது, துகள்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்று சோதனைகள் காட்டவே ஆகஸ்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அவ்வகைப் பெட்டிகளுக்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. திருப்பூரில் உழவர் சந்தை வாசலில் ஆட்கள்மீது கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள். பல ஊர்கள் நகலெடுத்தன. ஆள்மீது மருந்து தெளிக்காதீர்கள் என்று ஏப்ரலில் அரசே சொல்லவேண்டியதாயிற்று. மூச்சுக்குழாய் செருகுவதே மிக ஆபத்தானது என்ற நம்பிக்கைகூட ஆட்டம்கண்டது. பிரிட்டனில் துகள்களை எண்ணிப் பார்த்தவர்கள் அது ஓர் இருமலைவிடக் குறைவாகவே துகள்களைக் கிளப்புவதாகக் கண்டார்கள். இருமும் நோயாளிக்குப் பக்கத்தில் முகக்கவசமின்றி நிற்கும் துப்புரவுப் பணியாளர் தியேட்டருக்குள் இருப்பவரைவிட ஆபத்தில் இருக்கிறார் என்பது பர்மிங்காம் எண்களோடு ஒத்துப்போகிறது.

மருத்துவப் பணி தியாகம்தானே, ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்ற பேச்சும் உண்டு. தியாகம் என்று புகழ்வது மலிவு. கவசம் வாங்குவது செலவு. 2020 மார்ச் 22-இல் கைதட்டினோம். மே 3-இல் விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மீது பூ தூவின. இந்த இரண்டுக்கும் நடுவில், ஏப்ரல் 19-இல், சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் கும்பல் தாக்கியது. உடன் வந்தவர்கள் காயமடைந்து ஓட, சக மருத்துவர் பிரதீப் குமார் நள்ளிரவில் திரும்பிவந்து மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். அதே மாதம் அங்கே இறந்த நெல்லூர் எலும்பு முறிவு அறுவை மருத்துவரின் தகனத்துக்கும் எதிர்ப்பு வந்திருந்தது. பிறகு இப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் நாடு முழுவதும் 700-க்கும் மேற்பட்ட மருத்துவர்களை இழந்ததாக இந்திய மருத்துவ சங்கம் கணக்குச் சொன்னது. மலைப்பகுதிப் பணியிடத்துக்கு ஆள் கிடைப்பதே அரிது என்னும் நாட்டில், அங்கே போகத் துணிபவருக்குத் தியாகத்தை மட்டும் எதிர்பார்ப்பாகக் கொடுத்தால் அடுத்தவர் ஏன் போவார்?

தடுப்பூசி வந்துவிட்டது, கொள்ளைநோய் ஓய்ந்துவிட்டது, இனி எதற்கு இந்தக் கணக்கு என்பது கடைசி மறுப்பு. 2021 ஜனவரி 16 முதல் சுகாதாரப் பணியாளர்களுக்கு முதலில் தடுப்பூசி போட்டது சரியான வரிசை. ஆனால் அந்த வரிசைக்கு நோய் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அடுத்த நோய்க்கும் முதல் மாதங்கள் தடுப்பூசி இல்லாமல்தான் கழியும். 2014-இல் சியரா லியோனில் எபோலா பரவியபோது மார்ட்டின் சாலியா என்ற அறுவை மருத்துவர் எபோலா வார்டில் வேலை செய்யவில்லை. பொதுவான மருத்துவமனையில் வழக்கமான அறுவைகளைச் செய்துகொண்டிருந்தவர் தொற்றி, சிகிச்சைக்கு அமெரிக்காவுக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அறுவை மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்டில் ஒருவர் போவது ஒருவர் போவதல்ல. இதற்கான முன்னேற்பாடு தமிழ்நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதும் இல்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் பாஸ்புக்கில் இவ்வளவு தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டைப் போடும்போது நோயாளி எண்ணிக்கையோடு இன்னொரு பத்தியையும் சேர்க்கலாம்: இந்தத் தியேட்டர் பூட்டப்பட்டால் அடுத்த தியேட்டர் எவ்வளவு தூரம், எத்தனை பேர் வேலை தெரிந்தவர்கள். தூரம் கூடி ஆள் குறைந்த இடத்துக்குக் குழுவின் ஒவ்வொருவருக்கும், துப்புரவுப் பணியாளர் உட்பட, அவரவர் முகத்துக்குப் பொருந்துவதாகச் சோதித்த கவசம் மூன்று மாதத்துக்கு இருப்பில் இருக்கவேண்டும். இருப்பில் வைத்தால் கெட்டுப்போகுமே என்றால், கெடும். சில ஆண்டுகளில் பட்டை தளரும், இழையின் மின்னேற்றம் குறையும். ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். இருமும் நோயாளிக்கு அறுவை செய்யும்போதும், சளி பரிசோதனை அறையிலும் பழைய பெட்டியை முதலில் திறந்து பயன்படுத்திவிட்டு, கிடங்கிலிருந்து புதியதை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே போகலாம்.